அனிமே டிஸ்க் வாங்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள், முக்கியமா என்னை இன்னும் எரிச்சல் பண்ற ஒண்ணு

புதுசா அனிமே டிஸ்க் சேக்க ஆரம்பிச்ச பையன் ஒருத்தன் போன வாரம் கேட்டான், "அண்ணா, ஜப்பான்ல இதே சீரிஸ் 6 டிஸ்க்ல வந்துச்சு, இங்க 12 எபிசோடையும் ரெண்டே டிஸ்க்ல அடைச்சிருக்காங்க, அப்ப இது குப்பைதானே?" எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நானும் ஒரு காலத்துல இதையே எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்லிட்டு திரிஞ்சவன்தான். அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ரீஜன் கோட் (டிஸ்க் எந்த ஊரு பிளேயர்ல ஓடும்ங்கற பூட்டு) பாக்காம வாங்குறது, டிஸ்க்கு மேல விரலை வைக்கிறது, டிவியில மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணாம "என்னடா சீரியல் மாதிரி ஓடுது"ன்னு புலம்புறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுடுறேன்.

எபிசோடை டிஸ்க்கால வகுக்குறது

ஒரு டிஸ்க்குக்கு எத்தனை எபிசோட்னு பாத்து தரத்தை முடிவு பண்ற இந்தப் பழக்கம் டிவிடி காலத்துல இருந்து வந்தது, அப்ப அது சரியாவும் இருந்துச்சு. டபுள் லேயர் டிவிடி, அதாவது ரெண்டு அடுக்கா எழுதினது, 8.5 ஜிபி. 24 நிமிஷ எபிசோட் ஆறு போட்டா செகண்டுக்கு 7.8 மெகாபிட் (எம்பிபிஎஸ், இதைத்தான் பிட்ரேட்னு சொல்றது) மாதிரிதான் கிடைக்கும், அதுலயே ஆடியோவும் மெனுவும் போகணும். டிவிடியில வீடியோவுக்கு உச்சவரம்பு 9.8. வீடியோவை சுருக்குற முறையோ (கோடெக்) பழைய எம்பெக்-2, கொஞ்சம் பிட் குறைஞ்சாலும் வரைஞ்ச கோட்டைச் சுத்தி கொசு மொய்க்கிற மாதிரி ஆயிடும். அதனால டிஸ்க்குக்கு 4 எபிசோட்னா நல்லது, 7னா சந்தேகம்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்.

ப்ளூரேல கணக்கே வேற. 50 ஜிபி டிஸ்க்ல ரெண்டு எபிசோட் போட்டா செகண்டுக்கு 138 எம்பிபிஎஸ் இடம் இருக்கு, ஆனா ப்ளூரே ஸ்பெக் வீடியோவுக்கு விடுறதே 40தான். மிச்சம் சும்மா காலி. 25 ஜிபி டிஸ்க்லயே ரெண்டு எபிசோடுக்கு 69 வருது, அதையும் முழுசா பயன்படுத்த முடியாது. ஜப்பான்ல ஒரு வால்யூமுக்கு ரெண்டு எபிசோட்ங்கறது விக்கிற முறை, டிஸ்க்ல இடம் பத்தாம வந்ததில்லை. பையன் கேட்ட செட்டுக்கு வருவோம், 50 ஜிபி டிஸ்க்ல ஆறு எபிசோட்னா 46 எம்பிபிஎஸ், தாராளம். அதே ஆறு 25 ஜிபியில இருந்தா 23, பல சீரிஸுக்கு இதுவும் போதும். 13 எபிசோடை ஒரே 25 ஜிபியில திணிச்சு, ரெண்டு மொழிக்கும் லாஸ்லெஸ் (தரம் குறையாத) ஆடியோ வேற வச்சா வீடியோவுக்கு பத்து கூட மிஞ்சாது, அப்பதான் யோசிக்கணும். அதனால டிஸ்க் எத்தனைன்னு எண்ணாதீங்க, எத்தனை லேயர்னு பாருங்க, ஒண்ணுன்னா 25 ஜிபி, ரெண்டுன்னா 50.

பிட்ரேட் அதிகம்னு பழைய ரிலீஸை வித்தது

இதுதான் அந்த தப்பு. இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வரும்.

தொண்ணூறுகள்ல செல்லுல (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டு) வரைஞ்சு ஃபிலிம்ல எடுத்த ஒரு ஓவிஏ (டிவியில வராம நேரா வீடியோவா வித்த அனிமே) என்கிட்ட இருந்துச்சு, பழைய ப்ளூரே, 25 ஜிபி. பிடிஇன்ஃபோங்கற டிஸ்க் அலசுற மென்பொருள்ல போட்டுப் பாத்தா சராசரி 22 எம்பிபிஎஸ். கிரெயின் (ஃபிலிம்ல இயல்பா வர்ற பொடிப் புள்ளி) நிறையா இருக்கும், அங்கங்க தூசி கூட தெரியும். அப்புறம் புது ரீமாஸ்டர் வந்துச்சு, 50 ஜிபி, சராசரி 36. நம்பரைப் பாத்தேன், அட்டையில போட்ட வாசகத்தைப் பாத்தேன், யாரோ போட்ட ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்தேன், பழசை வித்துட்டேன். புதுசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வித்தேன்ங்கறதுதான் இதுல பெரிய கொடுமை.

டிஸ்க்கைப் போட்டா எல்லார் மூஞ்சியும் மெழுகு பொம்மை மாதிரி இருக்கு. கிரெயினை டிஎன்ஆர் (புள்ளியைத் துடைக்கிற டிஜிட்டல் ஃபில்டர்) போட்டு வழிச்சு எடுத்திருக்காங்க, கூடவே மெல்லிசு கோடும் போயிருக்கு, ஒரு கண் இமை பாதியில நின்னு போச்சு. போன கூர்மையைத் திருப்பிக் கொண்டு வர்றோம்னு ஷார்ப்பன் பண்ணதுல கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு நிழல். ராத்திரி வானம் வந்தா வெங்காயத்தை குறுக்க வெட்டின மாதிரி வளையம் வளையமா தெரியுது.

அப்ப அந்த 36 எம்பிபிஎஸ் எங்க போச்சு? என்கோடருக்கு (வீடியோவை சுருக்கி எழுதுற மென்பொருள்) குடுத்த மாஸ்டர்ல, அதாவது மூல வீடியோவுல, என்ன இருக்கோ அதைத்தான் அது எழுதும். டிஸ்க்ல இடம் இருக்கு, பிட்ரேட்டை ஏத்தி விட்டிருக்காங்க, அதுவும் மெழுகு மூஞ்சியை ரொம்ப துல்லியமா எழுதி வச்சிருக்கு, அந்த வெள்ளை நிழலுக்கும் சேத்து பிட் செலவு பண்ணி. 36ங்கற நம்பர் காப்பி எவ்ளோ துல்லியம்னு சொல்லும், எதைக் காப்பி அடிச்சாங்கன்னு சொல்லாது.

அனிமேல இது ஏன் இவ்ளோ குழப்புதுன்னா, ஒரே படத்தை ரெண்டு மூணு ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்தி வைக்கிறது வழக்கம், செகண்டுக்கு 24 ஃபிரேம்ல எட்டோ பன்னெண்டோதான் புது ஓவியமா இருக்கும். டிஜிட்டல்ல செஞ்ச அனிமேல திரும்ப வர்ற ஃபிரேமுக்கு என்கோடர் கிட்டத்தட்ட ஒண்ணுமே செலவு பண்ணாது, அதான் 15 எம்பிபிஎஸ்ல கூட கண்ணாடி மாதிரி இருக்கும். ஃபிலிம்ல எடுத்ததுல ஓவியம் அசையலைன்னாலும் கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாறிட்டே இருக்கும், அதுக்குத்தான் பிட்டு தண்ணியா போகும். அதனால செல் அனிமேக்கு 22ங்கறது கொஞ்சம் இறுக்கம்தான், ஒத்துக்கிறேன், ஆனா இருந்தது ஒரிஜினல் படம்.

அந்த வளையம் விஷயமும் இதோட ஒட்டினதுதான். சாதா ப்ளூரே 8 பிட், வெளிச்சத்துக்கு 16ல இருந்து 235 வரைக்கும் 220 படிதான். ராத்திரி வானம் 20ல ஆரம்பிச்சு 40ல முடியுதுன்னா மொத்தம் இருபது படி, அதை ஆயிரம் பிக்சல் உயரத்துக்கு இழுத்தா ஒவ்வொரு படியும் அம்பது பிக்சல் பட்டை. கிரெயினோ டிதரோ (வேணும்னே தூவுற மெல்லிசு புள்ளி) இருந்தா அந்த எல்லையைக் கலைச்சு விட்டுரும், கண்ணுக்குத் தெரியாது. கிரெயினைத் துடைச்சுட்டா பட்டை பட்டையா நிக்கும். பிட்ரேட் குறைஞ்ச டிஸ்க்லயும் இதேதான் நடக்கும், இருட்டுல இருக்குற மெல்லிசு டிதரைத்தான் என்கோடர் முதல்ல கைகழுவும்.

பழசைத் திருப்பி வாங்கலாம்னு தேடினா அச்சுலயே இல்ல. வித்த விலை மாதிரி மூணு மடங்கு குடுத்து, கீறல் விழுந்த ஒண்ணை வாங்கினேன். அதனால புதுசு வந்து, ரெண்டையும் ஒரே டிவியில போட்டு, ஒரு இருட்டு சீன், ஒரு குளோஸப், கேமரா மெதுவா நகர்ற ஒரு சீன், இந்த மூணையாவது பாக்காம பழசை விக்காதீங்க.

ஜேபெக் ஸ்கிரீன்ஷாட்டை வச்சு ஒப்பிடுறது

பிஎன்ஜி (தரம் குறையாம சேமிக்கிற படம்), ரெண்டு டிஸ்க்லயும் அதே ஃபிரேம். வேற எதையும் நம்பாதீங்க.

1080பின்னு போட்டிருந்தா 1080பிலதான் செஞ்சாங்கன்னு நினைக்கிறது

2000கள்ல, 2010கள்ல வந்த டிவி அனிமே நிறையா 720பி பக்கத்துல செஞ்சு மேல இழுத்ததுதான். அதை எத்தனை ஜிபியில போட்டாலும் ஒரு அளவுக்கு மேல ஒண்ணும் வராது, 4கே பாக்ஸ் செட் வந்தா மறுபடியும் ஒரு இழுப்பு, அவ்ளோதான். ஃபிலிம் நெகட்டிவ் இருக்குற பழைய படம்னா கதை வேற, அதைப் புதுசா ஸ்கேன் பண்ணா நிஜமாவே புது விவரம் கிடைக்கும். 4கே டிஸ்க்ல (அல்ட்ரா எச்டி ப்ளூரே) 10 பிட் இருக்கறதால மாஸ்டர் நல்லா இருந்தா வானத்து வளையமும் அடங்கும்.

டிவியை விட டிஸ்க் பளிச்சுன்னு இருந்தா எல்லாம் பிட்ரேட்னு நினைக்கிறது

1997 டிசம்பர் 16ல போக்கிமான் எபிசோட்ல வேகமா மின்னின வெளிச்சத்தால ஜப்பான்ல நூத்துக்கணக்கான பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க இல்லையா, அதுக்கப்புறம் டிவியில வேகமா மின்னுற சீனை மங்கலாக்கி விடுறாங்க. டிஸ்க்ல பல தடவை அந்த மங்கலை எடுத்துடுவாங்க, ஓவியத்தைக் கூட திருத்துவாங்க. சண்டை சீன் பளிச்சுன்னு இருக்கறதுக்கும் டிஸ்க் எத்தனை ஜிபிங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

50 ஜிபி டிஸ்க் கம்ப்யூட்டர்ல 46.6 காட்டுது

யாரும் ஏமாத்தலை. டிஸ்க் செய்றவங்க ஆயிரத்தால வகுக்குறாங்க, விண்டோஸ் கம்ப்யூட்டர் 1024ஆல.

ஜப்பான் டிவிடியை ரிப் பண்ணி (கம்ப்யூட்டருக்கு எடுத்து) கண்ணை மூடிட்டு டீஇன்டர்லேஸ் போடுறது

செகண்டுக்கு 24 ஃபிரேமை, ஃபிரேமோட பாதிகளை அங்கங்க திரும்பப் போட்டு (3:2 புல்டவுன்) 29.97 ஆக்கி வச்சிருப்பாங்க. அதைத் திருப்பி எடுக்கணும், இன்வர்ஸ் டெலிசினி. சும்மா டீஇன்டர்லேஸ் (ஒண்ணு விட்டு ஒண்ணு வர்ற வரிகளை முழு ஃபிரேம் ஆக்குறது) போட்டா பாதி கோடு போயிடும், அசைவும் தட்டித் தட்டி வரும். சுருக்குறப்ப 10 பிட்ல சுருக்குங்க, மூலம் 8 பிட்டா இருந்தாலும் சரி, இருட்டு சீன்ல வித்தியாசம் தெரியும்.

அந்தப் பையன் கேட்ட செட்டை விசாரிச்சா ரெண்டுமே 50 ஜிபிதான். வாங்கிட்டான். நாலாவது எபிசோட்ல ஒரு ராத்திரி மழை சீன் வரும், அதைப் பாத்துட்டு சொல்லுடான்னேன், இன்னும் பிரிக்கவே இல்லையாம்.