பிள்ளையைச் சேர்க்கும் முன் லேபைப் பாருங்கள்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு அறிவியல் தேர்வுகள் பற்றி

வீடு, வங்கிக் கணக்கு, டச் அண்ட் கோ அட்டை எல்லாம் முதல் மாதத்திலேயே ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிடும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையோடு வந்து இறங்கியவர்கள் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியது பள்ளியைப் பற்றி. பள்ளி பார்க்கப் போனால் நீச்சல் குளம், கலையரங்கம், ரோபோட்டிக்ஸ் அறை எல்லாம் சுற்றிக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, லேபையும் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை டாக்டருக்கோ இன்ஜினியரிங்குக்கோ போகும் என்ற நினைப்பு வீட்டில் இருந்தால், செய்முறையை இந்தப் பள்ளி எப்படிச் சொல்லித்தருகிறது, அதற்குத் தேர்வில் மதிப்பெண் எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஊரில் நமக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. பிளஸ் டூவில் செய்முறையும் அகமதிப்பீடுமாக 30 மதிப்பெண், பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடும், அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இங்கே பாதை மூன்று. அரசு இடைநிலைப்பள்ளியில் படித்து, படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். என்ற பொதுத்தேர்வை எழுதுவது ஒன்று. இண்டர்நேஷனல் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பாணித் தேர்வை எழுதுவது இன்னொன்று. சி.பி.எஸ்.இ. நடத்தும் இந்தியப் பள்ளி மூன்றாவது. வேலை பாஸில் வருபவர்கள் பெரும்பாலும் பின்னால் உள்ள இரண்டில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். அரசுப் பள்ளிக்கும் வழி உண்டு, ஆனால் கல்வித் துறையின் அனுமதி வேண்டும், பள்ளியில் இடமும் இருக்க வேண்டும். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டு வருபவர்களுக்கும், நிரந்தரமாகத் தங்கிவிடும் எண்ணம் உள்ளவர்களுக்கும் அரசுப் பள்ளி நல்ல தெரிவு என்பது என் கருத்து. செலவும் மிகக் குறைவு.

அரசுப் பள்ளியும் எஸ்.பி.எம்.மும்

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி உண்டு. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அங்கே அறிவியலையும் தமிழில் படிக்கலாம். அதற்கு மேல் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி கிடையாது. படிவம் 1-இலிருந்து, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து, அறிவியல் மலாயில்தான், இருமொழித் திட்டம் உள்ள பள்ளியானால் ஆங்கிலத்தில். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், பிறகு படிப்படியாக விலக்கிக்கொண்டார்கள், 2016-இல் விரும்பும் பள்ளிகளுக்கு மட்டும் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம் வந்தது. இது எல்லாப் பள்ளியிலும் இல்லை. இருக்கும் பள்ளியிலும் எல்லா வகுப்புக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மலாய் தெரியாமல் வரும் பிள்ளைக்கு இந்த ஒரு விவரமே பாதி வழியைத் தீர்மானித்துவிடும், ஆகவே நேரில் போய்க் கேளுங்கள்.

இடையில் இருந்த பொதுத்தேர்வுகள் போய்விட்டன. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், படிவம் 3-இல் எழுதிய பி.டி.3 2022-இலும் ரத்தாயின. அந்த இடத்தில் வகுப்புசார் மதிப்பீடு, கல்வியாண்டு இறுதித் தேர்வு என்று வந்திருக்கின்றன. வகுப்புசார் மதிப்பீட்டில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவார்கள். அறிக்கையில் 4 என்று பார்த்துவிட்டு நூற்றுக்கு நாற்பதா என்று பதற வேண்டாம். ஆனால் பொதுத்தேர்வு இல்லாததில் ஒரு தொல்லையும் உண்டு: பிள்ளை அறிவியலில் எங்கே நிற்கிறது என்பது படிவம் 4 வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை.

அந்தப் படிவம் 4-தான் திருப்பம். 2020-க்கு முன் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இருந்தது. இப்போது பாடத் தொகுப்புகள், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) ஏ, பி, சி என்று. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் சேர்ந்தது ஸ்டெம் ஏ. மருத்துவம் நினைப்பவர்கள் இதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மலேசியாவில் மருத்துவம் படிக்க எஸ்.பி.எம்.மில் இந்த மூன்று அறிவியலிலும், கணிதம் அல்லது கூடுதல் கணிதத்திலும், இன்னொரு பாடத்திலும் குறைந்தது பி வேண்டும். பழையவர்கள் இன்னும் 'சயன்ஸ் ஸ்ட்ரீம்' என்றே சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லலாம், புரியும். தனி அறிவியல் எடுக்காதவர்களுக்கு 'சயின்ஸ்' என்று பொதுப்பாடம் உண்டு. அதை எடுத்த பிள்ளைக்குப் பின்னால் மருத்துவக் கதவு திறக்காது.

தேர்வு முறையில் பெரிய மாற்றம் செய்முறையில்தான் வந்தது. முன்பு பல ஆண்டுகள் செய்முறையைப் பள்ளி ஆசிரியரே மதிப்பிட்டார். எஸ்.பி.எம்.மின் மூன்றாம் தாள், பெயருக்குப் பரிசோதனைத் தாளாக இருந்தாலும், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதுதான். கே.எஸ்.எஸ்.எம். என்ற புதிய பாடத்திட்டம் 2017-இல் படிவம் 1-க்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் எழுதிய 2021 எஸ்.பி.எம்.மிலிருந்து வடிவம் மாறியது. மூன்றாம் தாள் இப்போது லேபில் நடக்கும் உண்மையான செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வுகளுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே 'மூன்றாம் தாளுக்கு மாதிரிக் கேள்வியை மனப்பாடம் பண்ணினால் போதும்' என்று 2015-இல் எழுதிய உறவினர் பையன் சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

என்ன மாதிரி கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஊசல் பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரிலும் உள்ளதுதான். நூலில் குண்டைக் கட்டி, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, பத்து இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பது. விடை எல்லாருக்கும் தெரியும், நீளம் கூடினால் அலைவுநேரம் கூடும். மதிப்பெண் அந்த விடைக்கு வருவதில்லை. எதை நீ மாற்றினாய், எது அதனால் மாறியது, எதை மாறாமல் வைத்தாய் என்று மூன்று மாறிகளையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருதுகோளை 'நீளம் அதிகரிக்க அதிகரிக்க அலைவுநேரமும் அதிகரிக்கும்' என்று உறவாக எழுத வேண்டும். அட்டவணையின் தலைப்பில் அலகு இருக்க வேண்டும், ஒரு நிரலில் உள்ள எண்களெல்லாம் ஒரே தசம இடத்தில் இருக்க வேண்டும், அதாவது மேலே 14.2 என்றால் கீழே 15 என்று போடக் கூடாது, 15.0. வரைபடம் தாளின் மூலையில் ஒண்டிக் கிடக்கக் கூடாது. இதெல்லாம் அற்ப விஷயமாகத் தோன்றும். பாடம் நன்றாகத் தெரிந்த நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடும் இடம் இதுதான்.

எழுத்துத் தாளில் 'கே.பி.ஏ.டி.' என்று காதில் விழும், உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள். பாடநூலில் இல்லாத சூழலைக் கொடுத்து, பாடநூலில் உள்ள தத்துவத்தைப் பொருத்தச் சொல்வார்கள். டியூஷனுக்குப் போகாத எஸ்.பி.எம். பிள்ளை அரிது. வசதி குறைந்தவர்களுக்கு 1982-இலிருந்து இயங்கும் ஸ்ரீ முருகன் நிலையம் பல ஊர்களில் வகுப்பு நடத்துகிறது. பயிற்சி நூல்கள் சசபாடி, பெலாங்கி பதிப்புகளாகக் கடையில் குவிந்து கிடக்கும், கே.எஸ்.எஸ்.எம். என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இண்டர்நேஷனல் பள்ளி: ஐந்தா, ஆறா?

பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்று எல்லாப் பள்ளியும் போட்டிருக்கும். இங்கிலாந்தில் நடக்கும் ஜி.சி.எஸ்.இ. வேறு, இங்கே எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. வேறு. இங்கிலாந்தில் அறிவியலை மாற்றியமைத்து 2018-இல் முதல் தேர்வு நடத்தினார்கள். பள்ளியில் செய்து மதிப்பெண் வாங்கும் வேலையை எடுத்துவிட்டு, கட்டாயப் பரிசோதனைகளை வகுப்பில் செய்ய வைத்து, அவற்றைப் பற்றி எழுத்துத் தாளிலேயே குறைந்தது 15 சதவீதக் கேள்வி கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது இந்த விவரம்தான். அதைப் படித்துவிட்டு இங்கே பள்ளியில் வாதாட வேண்டாம்.

இங்கே உள்ள பள்ளிகள் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பு நடத்தும் தேர்வை வைத்திருக்கும். கேம்பிரிட்ஜில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் மூன்று தாள்: கொள்குறிக்கு 30 சதவீதம், எழுத்துக்கு 50, செய்முறைக்கு 20. அந்த 20-ஐ இரண்டு வழியில் வாங்கலாம். ஐந்தாம் தாள் என்றால் லேபில் நின்று செய்வது. ஆறாம் தாள் என்றால் செய்முறைக்கு மாற்றாக எழுதுவது, படத்தில் உள்ள தெர்மாமீட்டரையும் பியூரெட்டையும் பார்த்து அளவு குறித்து, அட்டவணை போட்டு, வரைபடம் வரைவது. எதைத் தருவது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். ஆறாம் தாளைத் தெரிவு செய்வதில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை, சான்றிதழிலும் வித்தியாசம் தெரியாது.

குறை பிறகு தெரியும். ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கு அடுத்து வரும், நம் பிளஸ் டூவுக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் இந்த மாற்று வழி கிடையாது. முதல் ஆண்டிலேயே இரண்டு மணி நேர செய்முறைத் தேர்வு, கட்டாயம் லேபில். வேதியியலில் தரம்பார்த்தல் என்றால் பியூரெட்டை 0.05 மில்லிலிட்டர் வரை வாசித்து எழுத வேண்டும். 25.6 என்று எழுதினால் போதாது, 25.60 என்று எழுத வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துவரும் அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும், கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் படத்திலேயே பியூரெட்டைப் பார்த்த பிள்ளை குழாயைத் திருகும்போது கை நடுங்குவது இயல்பு. அதனால்தான் பள்ளி ஆறாம் தாள் என்று சொன்னால், 'சரி, வாரத்துக்கு லேபில் எத்தனை பீரியட்?' என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அப்புறம் உங்கள் முடிவு. எடெக்செலில் தனிச் செய்முறைத் தாளே இல்லை, எழுத்துத் தாள்களுக்குள்ளேயே கேள்வி வந்துவிடும். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்பது நல்லது.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கோர், எக்ஸ்டெண்டட் என்று கேம்பிரிட்ஜில் இரண்டு நிலை. கோரில் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் வராது. பிள்ளையை எதில் போட்டிருக்கிறார்கள் என்று பதிவுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். மற்றது, மூன்று தனி அறிவியலா, சேர்ந்த அறிவியலா என்பது. கோ-ஆர்டினேட்டட் சயின்ஸ் என்றால் மூன்றும் சேர்ந்து இரண்டு பாடத்துக்குச் சமம். கம்பைண்ட் சயின்ஸ் என்றால் ஒரே பாடம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பெற்றோர் குழம்புவது சகஜம். ஏ லெவலில் அறிவியல் எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு மூன்றும் தனித்தனியாக இருப்பதே பாதுகாப்பு.

கிரேடு சில பள்ளிகளில் ஏ ஸ்டார் முதல் ஜி வரை, சிலவற்றில் 9 முதல் 1 வரை. 9 தான் உச்சம், 1 அடிமட்டம். ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழைய வினாத்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எடுத்துப் பயிற்சி செய்யலாம். ஆனால் 2023-இல் பாடத்திட்டம் மாறியது. இயற்பியலில் விண்வெளி பற்றிய பகுதி புதிதாக வந்தது, வேதியியலில் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்துக்குத் தனிப் பகுதி வந்தது. 2023-க்கு முந்தைய தாளை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டால் இந்தப் பகுதிகள் கண்ணில் படாமலே போய்விடும்.

பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகாமல், வீட்டருகே உள்ள சிறு கற்றல் மையத்தில் சேர்த்து, தனித் தேர்வராக ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுத வைப்பவர்களும் இங்கே நிறைய. செலவு குறையும் என்பது உண்மை. லேப் இருக்காது என்பதும் உண்மை, தனித் தேர்வருக்குப் பெரும்பாலும் ஆறாம் தாள்தான். விடுமுறையில் பிள்ளையைப் புக்கிட் கியாராவில் உள்ள தேசிய அறிவியல் மையத்துக்கோ இரட்டைக் கோபுரத்தில் உள்ள பெட்ரோசயின்ஸுக்கோ கூட்டிப் போவது நல்ல பொழுது, ஆனால் அது லேபுக்கு ஈடாகாது.

சி.பி.எஸ்.இ.யும் ஊர் திரும்புவதும்

இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு சி.பி.எஸ்.இ. பள்ளிதான் நிம்மதி. பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே பாடம், 80 எழுத்து, 20 அகமதிப்பீடு. 2026-இலிருந்து பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வு. முதலாவது கட்டாயம், இரண்டாவதில் மூன்று பாடம் வரை மதிப்பெண்ணைக் கூட்ட முயற்சி செய்யலாம். கேள்விகளும் மாறிவிட்டன, மனப்பாடத்தை விட்டுத் திறன் சார்ந்த கேள்விகளுக்குப் போய்விட்டார்கள்.

ஐ.ஜி.சி.எஸ்.இ. படித்துவிட்டு ஊர் திரும்புவோருக்குக் காகித வேலை உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்றிதழைக் கல்லூரியில் கேட்பார்கள். நீட் எழுத நினைக்கும் பிள்ளை 12-ஆம் வகுப்பு நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்தையும் படித்திருக்க வேண்டும். ஏ லெவலில் கணிதம், இயற்பியல், வேதியியல் என்று எடுத்துவிட்டுப் பிறகு உயிரியல் இல்லையே என்று தேடி அலைய வேண்டாம்.

கல்வியாண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள். சி.பி.எஸ்.இ. ஏப்ரலில் தொடங்கும், அரசுப் பள்ளி சில ஆண்டுகள் மார்ச்சில் தொடங்கியது, 2026-இலிருந்து மறுபடி ஜனவரி. இண்டர்நேஷனல் பள்ளிகள் பல ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும். ஐ.ஜி.சி.எஸ்.இ. இரண்டு வருஷப் படிப்பு, இயர் 10, 11. ஒன்பதாவது முடித்து ஏப்ரலில் வரும் பிள்ளையை இயர் 10 தொடக்கத்தில் சேர்ப்பதே சரி. சில மாதம் வீட்டில் இருந்தால் பரவாயில்லை. 'நன்றாகப் படிக்கிறான், நேரே இயர் 11-இல் போடுகிறோம்' என்று பள்ளியே சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஒரு வருஷத்து லேப் வேலை மொத்தமாகப் போய்விடும்.

வரும்போது பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும், கடைசி இரண்டு வருஷ மதிப்பெண் பட்டியலையும் ஆங்கிலத்தில் கொண்டுவாருங்கள். ரெக்கார்டு நோட்டு இருந்தால் அதையும் பெட்டியில் போடுங்கள். சேர்க்கை நேர்காணலில் அறிவியல் ஆசிரியர் புரட்டிப் பார்த்தால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குச் சட்டென்று புரியும்.