நலம், நலமறிய ஆவல்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கடிதங்களை வாசிக்கப் பழகுவது எப்படி?

வடக்கு மாநிலங்களும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் (1861–65) பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதிபர் லிங்கன், தெற்கின் தளபதி லீ, கெட்டிஸ்பர்க் சண்டை என்று மேலிருந்து கீழே வருவார்கள். நான் கீழிருந்து மேலே போனவன். சாதாரணச் சிப்பாய்கள் கூடாரத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் எனக்கு வாசல். ஆரம்பத்தில் அவற்றில் சண்டையைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் மாடு, கடன், காலுறை, தபால் தலை. சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், மாடும் கடனும்தான் விஷயமே என்று புரிந்தது. தூரத்தில் இருந்துகொண்டே வீட்டை நடத்தப் பார்க்கிற மனிதர்கள் எழுதியவை அவை. புதிதாக வருகிறவர்கள் என்னைப் போலச் சுற்றிவளைக்காமல் நேரே நுழைய இந்த வழிமுறை.

படி 1: ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான 'வேலி ஆஃப் தி ஷேடோ' தளம் இலவசம். ஒரே பள்ளத்தாக்கில் உள்ள இரண்டு மாவட்டங்கள், வடக்கே பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின், தெற்கே வர்ஜீனியாவின் அகஸ்டா. இரு பக்கத்து மக்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே தட்டச்சு செய்தே கிடைக்கின்றன. பத்துப் பேரின் கடிதத்தில் ஒவ்வொன்று படிப்பதைவிட ஒரே ஆளின் பத்துக் கடிதங்களைப் படியுங்கள். மூன்றாவது கடிதத்திலேயே அவர் வீட்டு மாட்டின் நிறம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: உறையை முதலில் பாருங்கள்

உறையின் படம் இருந்தால் கடிதத்துக்கு முன் அதைப் பாருங்கள். வடக்கில் சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் தபால் தலை. தபால் தலை இல்லாமல் மூலையில் 'சோல்ஜர்ஸ் லெட்டர்' என்று கிறுக்கி, ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தால், சிப்பாய் கையில் காசோ தலையோ இல்லை என்று அர்த்தம். வாங்கிக்கொள்பவர் அந்த 3 சென்டைக் கட்டினால் போதும் என்று 1861லேயே வழி செய்துவிட்டார்கள்.

தெற்கில் 1862 ஜூலை முதல் 10 சென்ட். துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதால் அங்கே காகிதத்துக்கே பஞ்சம். வந்த உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளையும் உறையாக மடித்தார்கள்.

முகவரியில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். பெயர், அவருடைய படைப்பிரிவு (கம்பெனி, அதைவிடப் பெரிய ரெஜிமென்ட்), அப்புறம் 'வாஷிங்டன் வழி' என்று மட்டும் இருக்கும். படை நகர்ந்துகொண்டே இருந்தது, தபாலும் பின்னாலேயே போனது.

படி 3: தேதியையும் கையெழுத்தையும் உடையுங்கள்

'14த் இன்ஸ்ட்' என்றால் இந்த மாதம் 14. '14த் அல்ட்' என்றால் போன மாதம் 14. இது தெரியாமல் நான் ஒருவருடைய காய்ச்சலை ஒரு மாதம் தள்ளிப் போட்டு, அவர் எழுந்து நடமாடிய நாளில் படுக்கையில் கிடத்திவிட்டேன்.

பலர் காதில் விழுந்தபடியே எழுத்துக் கூட்டினார்கள். புரியாத சொல்லை வாய்விட்டுப் படியுங்கள், பாதி அவிழ்ந்துவிடும். வரிகள் கம்பி வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் பயப்பட வேண்டாம். தாள் தீர்ந்ததும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறார்கள். இன்லாண்டு லெட்டரின் மடிப்பு ஓரங்களில் நம் அத்தைகள் எழுதியதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

சில சொற்களுக்கு அகராதி உதவாது. 'யானையைப் பார்த்துவிட்டேன்' என்றால் முதல் சண்டையைப் பார்த்துவிட்டேன். 'கிரேபேக்' என்றால் பேன். 'வர்ஜீனியா குவிக்ஸ்டெப்' என்றால் வயிற்றுப்போக்கு.

படி 4: ஒரு கடிதத்தை வரிவரியாகப் பிரியுங்கள்

இது பயிற்சிக்காக நானே எழுதிய மாதிரி. நிஜக் கடிதம் அல்ல, ஆனால் இந்த அச்சில் வார்த்த கடிதங்கள் ஏராளம்.

> ஃபால்மத் அருகே முகாம், வர்ஜீனியா, ஜனவரி 25, 1863.
>
> அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். இந்தச் சில வரிகள் உங்களையும் அதே நலத்தோடு காணும் என்று நம்புகிறேன். உங்கள் 14ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனோம், வெள்ளிக்கிழமை பழைய குடிசைக்கே திரும்பிவிட்டோம். சேறு அதிகம். சாமுக்கு வயிறு நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சம்பளம் இன்னும் வரவில்லை. வந்ததும் 20 டாலர் அனுப்புகிறேன், முதலில் கடைப் பாக்கியைத் தீருங்கள். செவலைப் பசுவை விற்க வேண்டாம். ஒரு ஜோடி காலுறையும் கொஞ்சம் தபால் தலையும் அனுப்புங்கள்.

முதல் இரண்டு வரிகளில் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள். 'பேனாவைக் கையில் எடுத்து எழுதுவது என்னவென்றால், நான் நலம்' என்ற ரகத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்கினார்கள். நம்முடைய 'நலம், நலமறிய ஆவல்' போலத்தான். அந்த வரி *இல்லாத* கடிதம் கிடைத்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

'சேறு அதிகம்.' இங்கேதான் காலண்டர் வேண்டும். 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைந்த வடக்கின் தளபதி பர்ன்சைட், ஜனவரி 20 அன்று ராப்பஹானக் ஆற்றைக் கடக்க மறுபடி கிளம்பினார். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. வண்டி, பீரங்கி, கோவேறு கழுதை எல்லாம் சேற்றில் புதைந்தன. படை வந்த வழியே திரும்பியது. வரலாற்றில் அதன் பெயரே 'சேற்று நடை'. 26ஆம் தேதி பர்ன்சைட்டின் பதவி போனது. இவ்வளவும் நம் பையனுக்கு இரண்டு சொல். இந்தப் போரில் சிப்பாய்களின் கடிதங்களை மேலிடம் முறையாகத் தணிக்கை செய்யவில்லை (கைதிகளின் கடிதங்கள் வேறு கதை). அதனால் இங்கே விடுபட்டதெல்லாம் அவனே விட்டது.

'குடிசை' என்றது கூடாரத்தை அல்ல. குளிர்காலத்தில் படைகள் பெரும்பாலும் நகராது. மரங்களை வெட்டி அடுக்கி, இடுக்கில் மண் பூசி, மேலே கூடாரத் துணியைப் போர்த்தி, மூன்று நான்கு பேராகக் குடியிருந்தார்கள். புகைபோக்கி குச்சியும் மண்ணும், அதன் உச்சியில் அடி பெயர்த்த பீப்பாய். அது அடிக்கடி தீப்பிடிக்கும்.

சாமின் வயிற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் போரில் சுமார் 6,20,000 பேர் இறந்தார்கள் என்பது நெடுங்காலக் கணக்கு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குண்டால் அல்ல, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, அம்மை போன்ற நோய்களால். 'அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்' என்பதுதான் அந்தக் கடிதத்திலேயே கனமான வரி. ஒரே ஊர்ப் பையன்களை ஒரே கம்பெனியில் சேர்த்திருந்ததால், ஒருவன் கடிதம் தெருவுக்கே செய்தித்தாள்.

படி 5: சாப்பாட்டைத் தனியாகக் குறித்து வையுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. வடக்கின் சிப்பாய்க்கு ஹார்ட்டாக் என்ற வறட்டு ரொட்டி, ஒரு நாளைக்கு ஒன்பது பத்து. உள்ளங்கை அளவு, அரை அங்குலக் கனம், மாவும் தண்ணீரும் மட்டும். பல்லால் கடித்தால் பல்தான் போகும். துப்பாக்கியின் பின்கட்டையால் உடைத்து, நாம் டீயில் ரஸ்க் நனைப்பதுபோல் கொதிக்கிற காபியில் போடுவார்கள். உள்ளே இருந்த வண்டுகள் மேலே மிதந்து வரும், வழித்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். காபிக்கொட்டையையும் அதே பின்கட்டைதான் இடிக்கும்.

தெற்கில் உண்மையான காபி அரிது. சிக்கரி, வறுத்த சர்க்கரைவள்ளி, வெண்டை விதை என்று எதையெதையோ வறுத்துக் குடித்தார்கள். புகையிலை மட்டும் தாராளம். அதனால் அந்தக் குளிர்காலத்தில் ராப்பஹானக்கின் இரு கரைக் காவலர்களும் சின்னப் பலகைப் படகுகள் செய்து, இங்கிருந்து காபியும் அங்கிருந்து புகையிலையுமாக மிதக்கவிட்டார்கள்.

பர்ன்சைட்டுக்குப் பின் வந்த ஹூக்கர் மெத்தென்ற ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொடுக்கச் சொன்னார், விடுப்பும் தந்தார். 1863 பிப்ரவரிக்குப் பிறகு அதே படையின் கடிதங்களில் தொனி மாறுவதைப் பாருங்கள். பெரிய தத்துவமெல்லாம் இல்லை, வெங்காயம்தான்.

படி 6: சம்பள வரியைக் கேள்வி கேளுங்கள்

வடக்கின் வெள்ளைச் சிப்பாய்க்கு அப்போது மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 பிடித்தம், கைக்கு வந்தது 7. கறுப்பினச் சிப்பாய்களின் 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் அந்தச் சம்பளத்தைத் தொடவே மறுத்தது. அதன் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் மாரிஸ் தீவு முகாமிலிருந்து லிங்கனுக்கே எழுதினார். நாங்கள் போர்வீரர்களா, கூலியாட்களா என்பதுதான் கடிதத்தின் சாரம். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமச் சம்பளத்துக்கு வழிசெய்தது. அடுத்த மாதம் தெற்கின் போர்க்கைதிச் சிறையான ஆண்டர்சன்வில்லில் கூடிங் இறந்துபோனார்.

படி 7: கடிதம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று பாருங்கள்

சிப்பாயின் பெயரும் ரெஜிமென்டும் தெரிந்தால் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். அப்புறம், வடக்கின் சிப்பாய் என்றால், தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்பு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரணச் சிப்பாய் இறந்தால் மனைவிக்கு மாதம் 8 டாலர். மனைவி இல்லாதவனின் தாய்க்கும் அது உண்டு, ஆனால் மகன் சம்பாத்தியத்தில்தான் வாழ்ந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். பல தாய்மார்கள் வேறு சாட்சி இல்லாமல், மகன் எழுதிய கடிதங்களையே அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். அவை கோப்பிலேயே தங்கிவிட்டன.

நம் மாதிரிக் கடிதத்தை இப்போது மறுபடி படியுங்கள். அந்தப் பையன் திரும்பி வராமல் போயிருந்தால், அலுவலக மேசையில் அம்மா விரல் வைத்துக் காட்டியிருக்கக்கூடிய வரி 'வந்ததும் 20 டாலர் அனுப்புகிறேன்' என்பதுதான்.