மதுரை வெயிலுக்கு எந்தச் சின்ன நாய்? முதன்முறை வளர்க்கிறவர்களுக்கு ஒரு வழி

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு ஷிட்சூ. அழகில் மயங்கி வாங்கியது, வேறு காரணம் எதுவும் கிடையாது. வில்லாபுரத்தில் மாடி போர்ஷன், தலைக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம், மே மாதம் மத்தியானம் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். அந்த வீட்டுக்குள் தரை வரை முடி தொங்குகிற ஒரு ஜீவனைக் கொண்டுவந்து விட்டோம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், தினமும் சீவிவிட ஆளில்லை. காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி சிக்குப் பிடித்துக் கட்டிகட்டியாகி, கடைசியில் மொத்தமாக மழித்தபோது உள்ளே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. நாய் மேல் தப்பே இல்லை. இப்போது அது திருநகரில் எங்கள் அத்தை வீட்டில் இருக்கிறது. அத்தை ரிட்டயர் ஆனவர், காலையில் காபியை வைத்துக்கொண்டு அதற்குத் தலை சீவி ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார், இரண்டு பேருக்கும் பொழுது போகிறது.

அதனால் இனங்களின் பெயரை எடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டை அளந்துவிடுவோம்.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு பழைய நோட்டில், வீட்டில் ஆள் இல்லாத நேரம் எது, எத்தனை மணி நேரம் என்று ஏழு நாளும் குறியுங்கள். மனக்கணக்கு போடாதீர்கள், மனக்கணக்கில் எல்லோரும் ஆறு மணிக்கு வீடு திரும்பிவிடுவார்கள். மாட்டுத்தாவணி பக்கம் வேலை, வீடு திருப்பரங்குன்றத்தில் என்றால் டிராஃபிக்கையும் சேர்த்து எழுதுங்கள். தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் வீடு பூட்டியே கிடக்கும் என்றால் குட்டி வேண்டவே வேண்டாம். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வைக்க வேண்டும், ரொம்பச் சின்ன இனக் குட்டிகள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். வளர்ந்த நாயாகத் தத்தெடுப்பதைப் பற்றி யோசிக்கலாம், அதற்கும் நடுவில் வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சின்ன இனங்கள் பெரும்பாலும் 12 முதல் 15 வருடம் இருக்கும். ஆறாவது படிக்கிற பையன் அடம் பிடிக்கிறான் என்று வாங்கினால், அவன் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அதற்குச் சோறு வைக்கப்போவது நீங்கள்தான்.

படி 2: மத்தியானம் இரண்டரை மணிக்குத் தரையில் உட்காருங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாய் படுக்கப்போகிற இடத்தில், ஏசி போடாமல், அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி சர்வசாதாரணம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில்தான் கொஞ்சம் உண்டு, மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். உங்களாலேயே உட்கார முடியவில்லை என்றால் நாய்க்கு வேறு இடம் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். கீழ்த்தளத்தில் ரெட்ஆக்சைடு தரை, முற்றம், வேப்பமரம் இருக்கிற பழைய வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வாக்கிங் விஷயமும் இதில் அடக்கம். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும் வரை தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கோடையில் காலை ஆறரைக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. காலையில் எழுந்திருக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா இல்லையா என்பதையும் அந்த நோட்டில் எழுதிவிடுங்கள்.

படி 3: மூக்கைப் பாருங்கள்

முகம் தட்டையாக இருக்கிற நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகல். பக் நாய் தூங்கும்போது குறட்டை விடுவதை 'ச்சோ க்யூட்' என்று வீடியோ எடுக்கிறார்கள், அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம். இளைத்துத்தான் குளிர்ந்தாக வேண்டிய பிராணிக்கு இளைக்கிற வழியே அடைப்பாக இருந்தால் மதுரை மே மாதத்தில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரம் வந்த பிறகு நாடு முழுக்க அந்த நாய் மேல் மோகம் கிளம்பியது, இன்னும் அடங்கவில்லை. ஏசி அறையும் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் இருக்கிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம், என்னைக் கேட்டால் வேண்டாம். ஷிட்சூ, லாசா ஆப்சோ இரண்டுக்கும் மூக்கு பக் அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் குட்டைதான், ஷிட்சூவுக்கு இன்னும் கொஞ்சம் குட்டை.

படி 4: முடி

நம்மூரில் முடி அதிகமிருந்தால் எல்லாமே சடைநாய். உள்ளே போனால் இரண்டு வகை இருக்கிறது. ஷிட்சூ, லாசா மாதிரி நாய்களுக்கு நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும், உதிர்வது குறைவு, தினமும் சீவ வேண்டும், இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது குட்டையாக வெட்டிவிட வேண்டும். ஸ்பிட்ஸுக்கு, அதாவது நம்மூரில் பொமேரியன் என்று சொல்லிக்கொள்கிற நாய்க்கு, இரண்டு அடுக்கு முடி, அடியில் பஞ்சு, மேலே நீள ரோமம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவினால் போதும், ஆனால் உதிர்கிற காலத்தில் சோபா, சட்டை, சாம்பார் வரைக்கும் முடி வரும். வெயில் என்று அதை மொட்டை அடிக்கக் கூடாது, மேல் ரோமம்தான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது, மழித்துவிட்டால் திரும்ப ஒழுங்காக முளைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

உண்ணி எல்லா நாய்க்கும் வரும். முடி நிறைய இருந்தால் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். நாய் சோர்ந்து, காய்ச்சலோடு, ஈறு வெளுத்துப்போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

படி 5: மாடிப்படி, டைல்ஸ், சின்னப் பிள்ளைகள்

டாஷண்டை நம்மூரில் நிறையப் பேருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். குட்டை முடி, நீள மூக்கு, வெயிலுக்குப் பரவாயில்லை. ஆனால் அந்த நீள முதுகு இருக்கிறதே, அதில் தண்டுவடத்து டிஸ்க் பிதுங்குகிற சிக்கல் இந்த இனத்தில் அதிகம், சில நாய்களுக்குப் பின்னங்கால் விழுந்துவிடும். இரண்டாவது மாடியில் குடியிருந்துகொண்டு தினமும் நாலு தடவை படி ஏற்றி இறக்குவது, கட்டிலிலிருந்து குதிக்கவிடுவது, எடை ஏறவிடுவது எல்லாம் அதற்கு ஆகாது. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கிய நாய் என்பதால் தோட்டத்து மல்லிகைப் பாத்தியைத் தோண்டினால் அடிக்காதீர்கள், அதன் தொழிலே அதுதான்.

சிவாவா மூன்று கிலோவுக்குள் இருக்கும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது நாய்க்கு ஆபத்து, பிள்ளை தூக்கிக் கீழே போட்டால் கால் முறிந்துவிடும். தனியாக இருக்கிற பெரியவர்களுக்குப் பொருந்தலாம், ஆனால் காலுக்குள் காலாகச் சுற்றும், பார்வை மங்கியவர்கள் தடுக்கி விழ வாய்ப்புண்டு.

படி 6: ஹவுஸ் ஓனரும் பக்கத்து வீடும்

வாடகை வீடு என்றால் குட்டி பார்க்கப் போவதற்கு முன்பே கேட்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். 'பார்த்துக்கலாம் தம்பி' என்பது சம்மதம் ஆகாது. செல்லூர், மாசி வீதிகள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஸ்பிட்ஸ், டாஷண்ட், பீகிள் மூன்றும் யோசிக்க வேண்டியவை, காலிங் பெல், குக்கர் விசில், எதிர்வீட்டுப் பூனை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். பீகிள் அளவில் சின்னதாகத் தெரியும், மோப்பத்துக்கென்றே வளர்த்த வேட்டை நாய், ஓட்டம் கேட்கும்.

படி 7: இப்போது பொருத்திப் பாருங்கள்

பகலில் வீட்டில் ஆள் உண்டு, கொஞ்சம் குரைத்தாலும் பரவாயில்லை, சீவிவிடுவேன் என்றால் இந்தியன் ஸ்பிட்ஸ். நாம் பொமேரியன் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பாலானவை இதுதான், பல தலைமுறையாக இங்கேயே வளர்ந்து நம் சூட்டுக்குப் பழகிய நாய், தயிர்சாதமும் கொஞ்சம் சிக்கனும் போட்டு எத்தனையோ வீடுகளில் வளர்ந்திருக்கிறது. கீழ்வீடு, படிக்கட்டு இல்லை என்றால் டாஷண்ட். சுறுசுறுப்பான ஆள், கேட் எப்போதும் சாத்தியிருக்கும், சீவுகிற வேலையே வேண்டாம் என்றால் மினியேச்சர் பின்ஷர், நாலைந்து கிலோதான், ஆனால் கேட் திறந்தால் பைபாஸில் போய்த்தான் நிற்கும். பொறுமையும் நேரமும் இருக்கிற அத்தைகளுக்கு ஷிட்சூ.

நம்ம ஊர் நாய் வேண்டும் என்று ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கேட்கிறார்கள். 2005-ல் தபால்தலையில் வந்த பெருமை ராஜபாளையத்துக்கு உண்டு, யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் தோள் உயரமே இரண்டடியைத் தாண்டும், ஓட நிலம் வேண்டும், போர்ஷன் வீட்டில் கட்டிப்போட்டால் பாவம். நம்மூர் நாய்தான் வேண்டுமென்றால் தெருவில் பிறந்த ஒரு நாட்டுப் பெட்டைக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிட்சூவை விடப் பெரிதாகத்தான் வளரும், ஆனால் குட்டை முடி, நீள மூக்கு, இந்த வெயிலிலேயே பிறந்த உடம்பு. ஷிட்சூவுக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி ஒன்றுதான், ஒத்தக்கடையிலிருந்து, அட்டைப்பெட்டியில், பஸ்ஸில்.

படி 8: குட்டியைப் பார்க்கப் போகும்போது

தாயோடு சேர்த்துப் பாருங்கள். தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது, 'சின்னதா இருந்தாத்தான் ஒட்டிக்கும்' என்று 35 நாள் குட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். 'டீ கப்' என்று ஒரு இனமே கிடையாது, வளர்ச்சி குன்றிய குட்டிக்கு வைத்த வியாபாரப் பெயர். கண்ணில் பீளை, மூக்கில் ஒழுகல், ஊதின வயிறு, ஆசனவாயைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் குட்டியும் ஓடி வரும்போது ஒன்று மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் மனசு அதன் மேல்தான் போகும், முதல் நாய்க்கு அதை எடுக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையில் மருந்து ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறாவது வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இது முடியும் வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம், பார்வோ என்கிற வயிற்றுக்கழிச்சல் நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

படி 9: வருவதற்கு முந்தின நாள்

கரண்ட் வயர்களை மேலே தூக்கிக் கட்டுங்கள், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இடைவெளியை அடையுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை வெயில் படாத மூலையில் வையுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை நாய்க்கு விஷம். பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சையும் இதில் சேர்த்தி, பிரியாணி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். இவற்றை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, வீட்டில் இருக்கிற பாட்டியிடம் வாய்விட்டும் படித்துக்காட்டிவிடுங்கள், ஏனென்றால் தாளைத் தாண்டி யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிடப்போவது அவர்தான்.