படகோடு கூட நடப்பது எப்படி

அம்மா கோவையிலிருந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வந்திருந்த ஜூலை மாதத்தில்தான் கெனட் ஏவன் கால்வாய்க் கரையில் நடக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் இரண்டு முறை பாத் நகரிலிருந்து பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் வரை சுமார் 16 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடந்திருந்தேன். வீடு திரும்பியபோது கால் வலிதான் நினைவில் இருந்தது. அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி வேறு. அதனால் கடைசி இரண்டரை கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூன்று மணி நேரம் ஆனது. இப்போது யார் கேட்டாலும் அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன்.

பாத் ஸ்பா நிலையத்தில் ரயில் ஏறி ஏவன்கிளிஃப்பில் இறங்குங்கள். அது மிகச் சின்ன நிலையம். கேட்டால்தான் வண்டி நிற்கும். ஏறியதுமே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், எந்தக் கதவு வழியாக இறங்க வேண்டும் என்றும் அவரே சொல்வார். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. அதனால் போவதற்கு ஏவன்கிளிஃப், திரும்புவதற்கு பிராட்ஃபோர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராட்ஃபோர்டில் வண்டிகள் அதிகம், நேரத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை.

நிலையத்தை ஒட்டியே மேலே ஏறினால் கல்லில் கட்டிய நீர்ப்பாலம். கீழே ஏவன் ஆறும் ரயில் தண்டவாளமும் போக, அவற்றுக்கு மேலே கால்வாய் போகிறது. ஜான் ரென்னி என்ற பொறியாளர் கட்டியது. நடு வளைவு கட்டிய கொஞ்ச காலத்திலேயே தொய்ந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் இன்றும் தெரியும். இங்கே அவசரப்படாதீர்கள். உட்கார இடம் பார்த்து, பிளாஸ்க்கைத் திறந்து, பிராட்ஃபோர்ட் பக்கம் போகும் ஒரு படகு வரும்வரை காத்திருங்கள்.

ஏன் என்றால், அந்தப் படகோடுதான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள். இந்தக் கால்வாயில் படகுகள் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போவார்கள். அதாவது ஒரு பெரியவர் நடக்கும் வேகம். படகை நீங்கள் முந்திவிட்டால் வேகமாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம். நின்று அது வரட்டும் என்று பாருங்கள். இந்தப் பாதைக்கு டோபாத் (இழுப்புப் பாதை) என்று பெயர் வந்ததே குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்ததால்தான். 1810இல் கால்வாய் முழுவதும் திறந்தபோது இங்கே படகுகளில் எஞ்சின் எல்லாம் இல்லை. படகின் வேகத்துக்கு ஏற்ற பாதை என்பது அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஏவன்கிளிஃப்பிலிருந்து பிராட்ஃபோர்ட் வரை ஏற்ற இறக்கமே இல்லை. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே ஆறு கீழே தெரிந்துகொண்டே வரும். ஜூன் என்றால் தண்ணீர் ஓரத்தில் மஞ்சள் ஐரிஸ் பூக்கள், ஆகஸ்ட் கடைசியில் கருப்பு நாவல் நிறத்தில் பிளாக்பெர்ரி. இடுப்புக்கு மேலே இருப்பதைப் பறியுங்கள். கீழே இருப்பதில் நாய்கள் வேலை செய்திருக்கும். ஓரச் செடிகளில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டில் என்ற செடி நம் காஞ்சொறி மாதிரியே அரிக்கும். அரைக்கால் சட்டை வேண்டாம்.

சைக்கிள்காரர்கள் வருவார்கள். நடப்பவருக்குத்தான் முன்னுரிமை, ஆனாலும் மணி கேட்டால் ஓரமாக நின்றுவிடுவது நல்லது. படகு கட்டிய கயிறும் முளையும் பாதை ஓரத்தில் இருக்கும், கவனித்து நடங்கள். அப்புறம் ஒன்று, இந்தப் படகுகளில் பலவும் வீடுகள். நிரந்தர இடம் இல்லாமல் வாழ்பவர்கள் 14 நாளுக்கு மேல் பொதுவாக ஒரே இடத்தில் கட்டக் கூடாது என்பதால் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ஹலோ சொல்லுங்கள், கட்டாயம் பதில் வரும்.

வாத்துகளுக்கு ரொட்டி போட வேண்டாம். ஓட்ஸ் ஒரு கைப்பிடி போதும். குஞ்சோடு இருக்கும் அன்னத்திடம் நெருங்காதீர்கள், அது சீறிக்கொண்டு வரும்.

கிளம்பும் நேரம் நான்கு மணி. ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், சாய்ந்த வெயில் தண்ணீரில் விழும்போதுதான் கால்வாய் அழகு. சாப்பாட்டுக்குப் புளியோதரை கொண்டுபோவேன், கெடாது. மழைக்கு ஒரு மெல்லிய கோட்டு, வெயில் அடித்தாலும்.

பிராட்ஃபோர்டில் உங்கள் படகு லாக்குக்கு, அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு, வந்து நிற்கும். பாத் பக்கமிருந்து வரும் படகுக்கு ஒன்பது மைலுக்குப் பிறகு வரும் முதல் லாக் இது. கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே போனதும் கதவை மூடி, கைப்பிடியால் மதகைச் சுற்றித் திறப்பார்கள். மேலிருந்து தண்ணீர் புகுந்து, படகு கண்ணெதிரே மெல்ல உயரும். பத்து நிமிடம் போல ஆகும். ஒரு நிமிடம்கூட விடாமல் பாருங்கள். பிள்ளைகளை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், சுவர் வழுக்கும்.

அம்மா அன்று, "ஏங்கண்ணு, படகுக்குக்கூடப் படிக்கட்டு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். படகிலிருந்து இறங்கி நின்ற பெண்மணியிடம் உதவட்டுமா என்று நான் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். கதவோடு சேர்ந்த நீண்ட மரக்கட்டையை முதுகால் தள்ள வேண்டும், கையால் அல்ல. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் அசையும். அதுவரை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு முதுகைச் சாய்த்தார். கதவு நகர்ந்தது.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. மூடியிருந்தாலும் வெளியே நின்று அதன் கல் கூரையைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.