இரும்பு டேப்பில் 2 மீட்டர் பீம்: கட்டுவதும் மேட்ச் செய்வதும்

கையில் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) இருக்கிறது. அதோடு வந்த ரப்பர் ஆன்டெனாவில் பக்கத்து ஊர் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கிய பலரின் நிலை இதுதான். இதற்காகப் பெரிய ரேடியோ வாங்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடை இரும்பு டேப்பையும் அரை அங்குல பிவிசி பைப்பையும் வைத்து 2 மீட்டர் அலைவரிசைக்கு (144 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது) ஒரு பீம் கட்டிவிடலாம். பீம் என்றால் சக்தியை ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா; இதில் எலிமென்ட் எனப்படும் உலோகக் கோல்கள் மூன்று. சாதாரண டைபோலைவிட (நடுவில் கேபிள் சேரும் ஒற்றைக் கோல் ஆன்டெனா) இது முன்பக்கத்தில் சுமார் 5 டெசிபல் கூடுதலாகத் தரும். அந்தத் திசையில் உங்கள் சிக்னல் மூன்று மடங்கு பலத்தோடு போகும்.

இதன் வகைக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி இருவரும் 1920-களில் உருவாக்கியது. டேப்பில் செய்யும் வடிவத்தை அமெரிக்க ஹாம்கள் பரப்பினார்கள். மறைந்திருக்கும் டிரான்ஸ்மிட்டரைத் தேடும் போட்டிகளுக்கு இதை எடுத்துக்கொண்டு புதருக்குள் ஓடலாம். வளையும், உடையாது.

வாங்க வேண்டியவை

25 மி.மீ. அகல இரும்பு டேப் ஒன்று, 5 மீட்டர் நீளம். தையல்காரர் டேப்பும் ஃபைபர் டேப்பும் உதவாது, உள்ளே உலோகம் இருக்க வேண்டும். அரை அங்குல பிவிசி பைப் ஒரு மீட்டர், அதற்கான கிராஸ் (நான்கு வாய் இணைப்பு) இரண்டு, டீ (மூன்று வாய் இணைப்பு) ஒன்று, ஹோஸ் கிளிப் எட்டு. ஆர்ஜி-58 கேபிள் ஒன்றரை மீட்டர், அதன் ஒரு முனையில் உங்கள் கருவிக்குப் பொருந்தும் கனெக்டர். ஒற்றைச் செம்புக் கம்பி கொஞ்சம், 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. நானோ விஎன்ஏ (ஆன்டெனாவை அளந்து திரையில் கோடாகக் காட்டும் சிறு கருவி) ஒன்றை நண்பரிடமாவது கேட்டு வாங்குங்கள். அது இல்லாமலும் செய்யலாம், ஆனால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது.

வெட்டுவது

பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் 1051 மி.மீ. முன்னால் நிற்கும் டைரக்டர் 892 மி.மீ. நடுவில் வரும், கேபிள் சேரும் டிரிவன் எலிமென்ட் இரண்டு பாதிகள். அமெரிக்க மூல வடிவத்தில் ஒரு பாதி 451 மி.மீ., ஆனால் நீங்கள் ஒவ்வொன்றையும் 460 ஆக வெட்டுங்கள். அந்த 451 என்பது 146 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்துப் போட்ட கணக்கு; இந்தியாவில் நமக்கு உள்ளது 144 முதல் 146 வரை. நீளமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

வெட்டிய டேப்பின் மூலை கத்தி மாதிரி இருக்கும். கத்தரிக்கோலால் வளைத்து வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கண் உயரத்தில் சுழலும் பொருள் இது.

டிரிவன் பாதிகளின் உள்முனையில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, ஃப்ளக்ஸ் போட்டு ஈயம் பூசுங்கள். பைப்பில் மாட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு சூடுபடுத்தினால் பிவிசி உருகும்.

கோர்ப்பது

எலிமென்ட்டுகளைத் தாங்கும் நீளப் பைப்புக்கு பூம் என்று பெயர். அதன் முன்முனையில் டீ, அது டைரக்டருக்கு. நடுவில் ஒரு கிராஸ், டிரிவனுக்கு. பின்னால் இன்னொரு கிராஸ், ரிஃப்ளெக்டருக்கு. அதற்கும் பின்னால் மிச்சப் பைப்பைக் கைப்பிடியாக விடுங்கள். ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவனுக்கு 203 மி.மீ., டிரிவனிலிருந்து டைரக்டருக்கு 318 மி.மீ. இரண்டும் டேப்பின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு. ஃபிட்டிங்குக்குள் பைப் எவ்வளவு போகும் என்பதைக் கழித்து வெட்டுங்கள். டிரிவன் பாதிகளுக்கு இடையே 25 மி.மீ. இடைவெளி. எல்லாவற்றையும் ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள்.

மேட்சிங்

இங்கே அவசரப்படாதீர்கள். மேட்சிங் என்பது ரேடியோ தரும் சக்தி ஆன்டெனாவுக்குள் போகிறதா என்பதைப் பற்றியது மட்டும். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தீர்மானிப்பவை ரிஃப்ளெக்டர், டைரக்டரின் நீளமும் இடைவெளியும். சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் எஸ்டபிள்யூஆர்; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. டம்மி லோடுகூட (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் ரெசிஸ்டர்) 1:1 காட்டும், ஆனால் ஒரு தெருவைத் தாண்டாது. அதனால் எஸ்டபிள்யூஆர் சரியில்லை என்று ரிஃப்ளெக்டரிலோ டைரக்டரிலோ கை வைக்காதீர்கள். மீட்டரில் எண் அழகாகும், பீம் பீமாக இருக்காது.

தனியாக நிற்கும் டைபோலின் மின்தடை சுமார் 73 ஓம். பக்கத்தில் இரண்டு எலிமென்ட்டுகள் வந்ததும் அது 20-30 ஓமுக்கு இறங்கிவிடும். நம் கேபிள் 50 ஓம். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஹேர்பின், யு வடிவில் வளைத்த ஒரு துண்டுக் கம்பி. டிரிவனை வேண்டுமென்றே குட்டையாக வைத்தால் அது கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். அதற்கு இணையாக ஹேர்பின் என்ற இன்டக்டரைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மின்தடையை 50-க்கு ஏற்றிவிடும்.

கணக்கு எளிது. மின்தடை R, ரியாக்டன்ஸ் (கெப்பாசிட்டர் அல்லது இன்டக்டர் குணத்தின் அளவு, ஓமில்; கெப்பாசிட்டருக்கு மைனஸ்) X என்றால், R-இன் வர்க்கமும் X-இன் வர்க்கமும் சேர்ந்து 50 தடவை R-க்குச் சமமாக வேண்டும். R 25 என்றால் X மைனஸ் 25. R 20 ஆனாலும் 30 ஆனாலும் X மைனஸ் 24.5 தான். ஆக, உங்கள் R அந்த எல்லைக்குள் எங்கே இருந்தாலும் மைனஸ் 25-ஐ ஒட்டி நிறுத்தினால் போதும். இது நமக்குப் பெரிய வசதி.

இனி வேலை. முதலில் கேபிளின் வெறும் முனையை ஆன்டெனாவில் பற்றவைக்கும் முன், மறுமுனையை விஎன்ஏவில் மாட்டி 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை காலிபரேட் செய்யுங்கள் (தெரிந்த மூன்று நிலைகளைக் காட்டிக் கருவியைச் சரிசெய்வது). ஓப்பனுக்கு முனையைச் சும்மா விடுங்கள். ஷார்ட்டுக்கு நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துப் பற்றவையுங்கள். லோடுக்கு இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணையாக, கால்களைக் குட்டையாக வெட்டிப் போடுங்கள். இப்போது விஎன்ஏ காட்டும் எண் ஆன்டெனா முனையின் எண்.

அடுத்து நடுக்கம்பியை ஒரு பாதியிலும் பின்னலை மறு பாதியிலும் பற்றவையுங்கள். இணைப்புக்குப் பக்கத்திலேயே கேபிளை 5 செ.மீ. விட்டத்தில் நாலு சுற்று சுற்றி டை போடுங்கள். பின்னலின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டத்தை அது தடுக்கும். சரிபார்க்க, கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். விஎன்ஏ திரையில் கோடு ஆடினால் சுற்று போதவில்லை.

ஹேர்பின் இன்னும் வேண்டாம். ஆன்டெனாவைத் திறந்த இடத்தில், இரும்புக் கிரில், சுவர் எதுவும் அருகில் இல்லாமல், வானத்தைப் பார்க்க வைத்து 145 மெகாஹெர்ட்ஸில் X-ஐப் படியுங்கள். மைனஸ் 25-ஐ இன்னும் தொடவில்லையா? இரண்டு பாதிகளின் வெளிமுனையிலும் 3 மி.மீ. நறுக்கி மறுபடி அளந்து பாருங்கள். இரு பக்கமும் சமமாக நறுக்க வேண்டும்.

அங்கே வந்ததும் 127 மி.மீ. செம்புக் கம்பியை 19 மி.மீ. இடைவெளியுள்ள யு-வாக வளைத்து, கேபிள் சேரும் அதே இரண்டு புள்ளிகளில் பற்றவையுங்கள். எஸ்டபிள்யூஆர் கோட்டில் பள்ளம் விழும். யு-வின் கால்களை நெருக்கினால் இன்டக்டன்ஸ் குறையும், விரித்தால் கூடும். பள்ளம் 145-ஐ ஒட்டி, முடிந்தவரை ஆழமாக வரும்வரை கால்களை மெல்ல நகர்த்துங்கள். 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். அங்கே திரும்பி வருவது 4 சதவீதம்தான்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஹேர்பினோடே தொடங்கி, பள்ளம் 145-க்குக் கீழே இருந்தால் டிரிவனை நறுக்கி, பிறகு யு-வை நகர்த்துங்கள். மீட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். 10 மீட்டர் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் சுமார் 2 டெசிபலைத் தின்றுவிடும். ஆன்டெனா முனையில் 3 ஆக இருக்கும் எஸ்டபிள்யூஆர் ரேடியோ முனையில் 1.9 என்று காட்டும். கேபிள் சூடாவதை நல்ல மேட்ச் என்று நம்பிவிடுவோம்.

திசை பார்ப்பது

ரிப்பீட்டருக்கு எலிமென்ட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். டைரக்டர் பக்கம் ரிப்பீட்டரை நோக்கட்டும். அப்புறம் மெல்லச் சுழற்றி, சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரை ரேடியோவில் கவனியுங்கள். பின்பக்கம் திரும்பும்போது சிக்னல் நன்றாக விழ வேண்டும். விழவில்லை என்றால் இடைவெளிகளை மறுபடி அளந்து பாருங்கள். கம்பத்தில் வைப்பதானால் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் பிடியுங்கள். எலிமென்ட்டுகளுக்கு நடுவே செங்குத்தான இரும்புக் கம்பம் வந்தால் அதுவும் ஓர் எலிமென்ட் ஆகிவிடும்.

மின்கம்பி போகும் இடத்திலும் இடி மின்னல் நேரத்திலும் இதை உயர்த்தாதீர்கள். மழைக்காலம் முழுக்க மாடியில் விடுவதற்கு டேப் தாங்காது, துருப்பிடிக்கும், காற்றில் மடங்கும். நிரந்தரமாக வைக்க அலுமினியக் குழாயில் கட்டுங்கள். எலிமென்ட்டின் தடிமன் மாறினால் நீளங்களும் மாறும் என்பதால் அந்தக் குழாய்க்கென்று தனியாகக் கணக்கிட்ட அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்ச் செய்யும் வரிசை இதேதான்.