கண்டல் நடுவதற்கு முன் சேற்றைப் பாருங்கள்

சுற்றாடல் தினம் நெருங்கினால் கொழும்பு அலுவலகங்களிலும் பாடசாலைச் சங்கங்களிலும் ஒரே பேச்சுத்தான்: பஸ் பிடித்து நீர்கொழும்புக்கோ புத்தளத்துக்கோ போய், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் கன்று நடுவோம். நல்ல எண்ணம்தான். ஆனால் காபனைச் சேமிப்பதுதான் நோக்கம் என்றால், அது எங்கே சேர்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கண்டல் காட்டில் காபனின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. நீர் ஊறிய சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. அதனால் விழும் இலையும் செத்த வேரும் முழுதாக உக்காமல் நூற்றாண்டுக்கணக்கில் படிந்து கிடக்கும். கடற்புல் வெளிகளிலும் உவர்ச் சதுப்புகளிலும் இதுதான் நடக்கிறது.

ஆகவே முதல் தவறு, இருக்கும் சேற்றைக் கைவிட்டுவிட்டுப் புதுக் கன்று தேடி அலைவது. புத்தளம் களப்பைச் சுற்றி 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டலை வெட்டிக் குளங்கள் தோண்டினார்கள். தோண்டிய சேற்றில் காற்றுப் பட்டால், புதைந்திருந்த காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறத் தொடங்கும். அப்புறம் இறாலுக்கு வெண்புள்ளி நோய் வந்தது, பல பண்ணைகள் கைவிடப்பட்டன. புதிதாக நட்ட கன்று அந்த இழப்பை ஈடுசெய்யப் பல தலைமுறை ஆகும்.

அடுத்தது, கன்றுகளை எண்ணிப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையோரம் முழுக்கக் கண்டல் நட்டார்கள். 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டதில் சுமார் 200 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பெரும்பாலும் நட்டது ஒரே இனம்: முருங்கைக்காய் போல நீண்ட நாற்றைச் சேற்றில் குத்தினால் முடிந்தது, படத்துக்கும் அழகு. ஆனால் கடல் வற்றும்போதும் நீர் வடியாத தாழ்வான இடத்தில் குத்தினால் அது மூழ்கிச் சாகும். தப்பியதை மாடு மேயும். இதைவிட மோசம், கடற்புல் வெளியின் மேல் நடுவது. அங்கே ஏற்கனவே இருக்கும் காபன் களஞ்சியத்தையும் சேர்த்துக் கெடுக்கிறோம்.

இதற்கு மாற்று வழி உண்டு. கைவிட்ட இறால் குளத்தின் வரம்பை உடைத்துக் கடல்நீர் வந்து போக விட்டால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் இடங்களில் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், பெயர்ப்பலகை வைக்கவும் தோதில்லை. இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை 2024இல் ஐ.நா. உலக முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அது போதும்.

கடலில் உள்ள எல்லாவற்றையும் இந்தக் காபன் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதும் பிழை. பவளம் சுண்ணக்கூடு கட்டும்போது காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. கரையைக் காக்கிறது, மீனுக்கு வீடாகிறது, அதற்காகவே பாதுகாக்கலாம். பண்ணையில் வளர்த்து அறுவடை செய்யும் கடற்பாசி தொழிற்சாலைக்குப் போகிறது. அதன் காபன் கடலடியில் தங்குவதில்லை.

ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமானது. பெத்தகான போன்ற நன்னீர்ச் சதுப்புகளை வெள்ளத்துக்காகவாவது காக்கத்தான் வேண்டும். ஆனால் உவர்நீரில் உள்ள சல்பேற்று, பூமியைச் சூடாக்கும் மெதேன் வாயு உண்டாவதைத் தடுப்பதுபோல் நன்னீரில் நடக்காது, ஆகவே காபன் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடக் கூடாது. நீர்கொழும்புப் பக்கத்து முத்துராஜவெல சதுப்பு போல உக்காத தாவரப் படிவு நிறைந்த இடத்தில் மண் கொட்டி நிரப்புவதும் நீரை வடிப்பதும்தான் பெரிய ஆபத்து.

சரி, காபன் கிரெடிட், அதாவது சேமித்த காபனைக் கணக்கிட்டு விற்கும் சான்று? ஒரு தொன் காபன் சுமார் 3.67 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். இரண்டையும் குழப்பினால் கணக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிசகும். யாரும் வெட்டப் போகாத காட்டைக் காட்டி "காப்பாற்றினோம்" என்று கிரெடிட் விற்பதும் ஏமாற்றுத்தான். நீர்கொழும்புக் களப்பில் மீனவர்கள் கண்டல் கிளைகளைக் கட்டி நீரில் இறக்கி மீன் சேர்ப்பார்கள். அந்தக் கிளைகளுக்காகவே கண்டல் வளர்த்தவர்களும் உண்டு. நாளைக்கு ஒரு கம்பனி வந்து கிளை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டால், கிரெடிட் பணத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று அதே ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு முன்பே, எழுதியிருக்க வேண்டும்.