ரஷ்ய வினையில் முன்னொட்டு: ஒரே சொல்லை வைத்துப் பழகுவோம்

ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கியவர்கள் பலரும் முன்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். வேண்டாம். ஒரே வினையில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். எழுதுவதைக் குறிக்கும் 'பிஸாத்' இதற்கு நல்ல சொல்.

படி 1: முன்னால் 'ந' சேருங்கள். 'நபிஸாத்' என்பதும் எழுதுவதுதான், ஆனால் எழுதி முடித்துவிடுவது. 'எழுதிவிட்டேன்' என்று நாம் வாலில் காட்டுவதை அவர்கள் தலையில் காட்டுகிறார்கள்.

படி 2: காலத்தைக் கவனியுங்கள். 'பிஷு' என்றால் எழுதுகிறேன். 'நபிஷு' என்றால் எழுதிவிடுவேன். விகுதி மாறவில்லை, காலம் மாறிவிட்டது! முடிவைக் காட்டும் வினைக்கு நிகழ்காலமே கிடையாது. எதிர்காலத் துணைவினையான 'பூது'வும் அதோடு ஒட்டாது. 'பூது பிஸாத்' சரி, 'பூது நபிஸாத்' தப்பு.

படி 3: இப்போது பொருளை மாற்றுவோம். 'பெரெபிஸாத்' திருப்பி எழுதுவது. 'ஸபிஸாத்' குறித்துக்கொள்வது. 'பத்' என்பதில் 'கீழே' என்ற பொருள் உண்டு. அதனால் 'பத்பிஸாத்' கையெழுத்துப் போடுவது. 'வீ' வெளியே எடுப்பது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தாலும் 'வீபிஸத்', நோயாளியை டிஸ்சார்ஜ் செய்தாலும் அதே 'வீபிஸத்'தான். இப்படிப்பட்டவற்றை ஊகிக்க முடியாது, அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். 'பெரெபிஸாத்'தும் முடிவைக் காட்டும் வினை. அப்படியானால் 'திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? வெறும் 'பிஷு' போதாது, 'திருப்பி' போய்விடும். அதற்காக வினையின் நடுவில் 'இவ' என்ற ஒட்டு நுழைகிறது: 'பெரெபீஸிவத்'. அதிலிருந்து 'பெரெபீஸிவயு', திருப்பி எழுதுகிறேன். 'நபிஸாத்'துக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அதன் ஜோடியாகப் பழைய 'பிஸாத்'தே இருக்கிறது.

படி 5: அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். போவதைக் குறிக்கும் 'இத்தீ'யிலிருந்து வருபவை இவை: 'வய்தீ வ தோம்', வீட்டுக்குள் நுழைவது, 'தய்தீ த தோம', வீடுவரை போய்ச் சேர்வது. முன்னொட்டே முன்னிடைச்சொல்லாகத் திரும்பி வருகிறது, வேற்றுமையும் மாறுகிறது. இன்னொன்று: 'ரபோதத்' வேலை செய்வது, அதற்குச் செயப்படுபொருள் வராது. 'ஸரபோதத்' சம்பாதிப்பது, பணம் நேராகச் செயப்படுபொருளாக வந்து உட்காரும்.

நோட்டில் எழுதும்போது முன்னொட்டு வினையைத் தனியாக எழுதாதீர்கள். 'இவ' வடிவம் இருந்தால் அதையும், பின்னால் வரும் வேற்றுமையையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள்.